வீடு பார்க்க வந்த குட்டி

நான் நாய்க்கடிக்கு ஊசி போடுகிறவள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. காலையில் போய் உட்கார்ந்தால் பல நாள் முதல் ஆளே கெண்டைக்காலைக் காட்டிக்கொண்டுதான் வருவார். அப்படிப்பட்ட நான் ஒரு நாய்க்குட்டிக்காகப் பைத்தியம் பிடித்து அலைந்ததை என்கூட வேலை செய்கிறவர்கள் இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் அந்தக் குட்டி இல்லை, என் வீட்டில் இருக்கிறது.

ஆரம்பித்து வைத்தவள் என் மகள். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஒரு மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். தர்மபுரியில் ஒரு பெண், தெருவில் அடிபட்டுக் கிடக்கிற நாய்களையும் யாரோ மூட்டை கட்டிப் போட்டுவிட்டுப் போகிற குட்டிகளையும் எடுத்துவந்து, தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறார். அவர் போட்டிருந்த படம் அது. பழுப்பும் வெள்ளையுமாக ஒரு பெண் குட்டி. ஒரு காது விறைத்து நிற்கிறது, இன்னொன்று மடிந்து தொங்குகிறது. உடம்பு நீளம், கால் குட்டை. அம்மா நம்ம ஊர் நாய் என்பது மட்டும் தெரியுமாம். அப்பா யாரென்பது அந்தக் குட்டைக் காலைப் பார்த்தவர்களின் ஊகத்துக்கு விடப்பட்டிருந்தது.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கைப் பார்த்தேன். மூக்கின் மேலிருந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்தேன். “சிஸ்டர், ஊசி” என்று ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். “இருங்க, இருங்க” என்று அவருக்கும் ஃபோனைத் திருப்பிக் காட்டினேன். முந்தின நாள்தான் நாயிடம் கடிபட்டவர். அவர்கூட, “அழகாத்தான் இருக்குது” என்று ஒத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சிக்கலுக்குத்தான் நான் கழுத்தை நீட்டியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பொம்மிடியில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். ஆள் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கிணற்று மோட்டாரை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் வைப்பார். பாம்பு வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நாய் என்றால் அந்த உடம்பு முழுக்க ஆடிவிடும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் அவரை முதன்முதலாகப் பார்த்ததே ஓட்டத்தில்தான். எங்கள் தெரு நாய் ஒன்று துரத்த, ஒரு கால் செருப்போடு எங்கள் வீட்டுக்குள் வந்து விழுந்தார். சிரிப்பை அடக்க முடியாமல்தான் நான் சரி என்று தலையாட்டினேன் என்று என் அம்மா சொல்வார்.

சின்ன வயதில் அவரை நாய் கடித்திருக்கிறது. அந்தக் காலத்து ஊசி வேறு, தொப்புளைச் சுற்றி வயிற்றிலே போடுவது. பெரியவர்கள் கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்க, நாள் தவறாமல் போட்டிருக்கிறார்கள். ஊசி போடுகிறவளுக்கு அது எப்படிப்பட்ட வலி என்று தெரியும். அதனால் இத்தனை வருடமும் நான் நாய்ப் பேச்சே எடுக்கவில்லை. இப்போது எடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார். ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“உனக்குப் புடிச்சிருந்தா கொண்டாந்துக்க. நான் கடையிலயே படுத்துக்கறேன்” என்றார்.

கோபமில்லை, கிண்டலுமில்லை. நிஜமாகவே அதுதான் வழி என்று நினைத்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ‘அடப் பாவமே’ என்றும் இருந்தது. ஆனாலும் மறுநாள் தர்மபுரிக்கு ஃபோன் போட்டுவிட்டேன். ஆசை அப்படி.

அந்தப் பெண் கணினி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர். குரலிலேயே கறார் தெரிந்தது. “அக்கா, நான் முதல்ல உங்க வீட்டை வந்து பாக்கணும். குட்டியையும் கூட்டிட்டு வர்றேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். வீட்ல இருக்கற எல்லாருக்கும் சம்மதம்னாத்தான் குடுப்பேன். ஒருத்தருக்கு வேணாம்னாலும் குடுக்க மாட்டேன்” என்றார்.

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் மஞ்சள் கிழங்கில் ஒட்டிய மண்ணை உதறிக்கொண்டிருந்த என் மாமனார் நிமிர்ந்தார்.

“வூடு பாக்கவா வர்றாங்க?”

“ஆமாங் மாமா.”

“பொண்ணையும் கூட்டிக்கிட்டா?”

“குட்டி மாமா.”

“பொட்டைக் குட்டிதான?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். முடிந்தது கதை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் சம்பந்தம் பேசினாலும் மாமாவைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்னால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். காடு கழனி, கிணற்றுத் தண்ணீர், வீட்டு மனிதர்கள் எல்லாம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் பலகாரத்தில் கை வைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் கை நனைக்காமல் எழுந்து, “போய்ச் சொல்லி அனுப்பறோம்” என்று கிளம்பிவிடுவார்கள். மாமா இந்த இரண்டு வகையிலும் கரை கண்டவர். மாமியார் போன பிறகு வீட்டில் இப்படி ஒரு காரியம் நடக்கவேயில்லை. பேத்தி கல்யாணத்துக்கு இன்னும் நாளிருக்கிறது. மனிதர் கை துறுதுறுத்துப்போய் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் தொடங்குவதற்குள் வரச் சொல்லித் தகவல் போனது. வாசலில் சாணி தெளித்துக் கோலம் போடச் சொன்னார். பெரியப்பா மகனின் புது டிராக்டரைக் கேட்டு வாங்கி வீட்டு முன்னால் நிறுத்தினார். எங்களுடையது என்று அவர் சொல்ல மாட்டாராம், நிறுத்தி மட்டும் வைப்பாராம். கோழிகளைக் கூடையில் அடைத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். என்னைக் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் போடச் சொன்னார். மகனைக் கூப்பிட்டு வெள்ளைச் சட்டை போட வைத்தார்.

“நீ வாயத் தொறக்காத. எல்லாம் நான் பேசிக்கறேன்.”

“பயம்னு சொல்லிட்டா என்னப்பா?”

“மாப்ள வூட்ல கொறைய நம்ம வாயாலயே எடுத்துச் சொல்லுவாங்களாடா? வந்தப்புறம் பளகிப் போயிடும்” என்றார் மாமா. அவர் பேசி முடித்த எல்லாச் சம்பந்தமும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் ஒரு பழைய ஸ்கூட்டரில், முன்னால் பிளாஸ்டிக் கூடையை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஜீன்ஸ், தலையில் துப்பட்டா. வாசலில் டிராக்டர், அதன் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் என் வீட்டுக்காரர், கையைக் கூப்பியபடி மாமா, தட்டோடு நான். வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று அவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

“வாங்கம்மா, வாங்க. ஆள் யாரும் கூட வர்லீங்களா?”

“இல்லீங்க ஐயா, நான் மட்டும்தான்.”

மாமாவுக்கு அது கொஞ்சம் மனக்குறைதான். ஆனாலும் காட்டிக்கொள்ளாமல் ஆரம்பித்தார். “நமக்குத் தண்ணிக்குக் கொறச்சலே கெடையாதும்மா. கெணறு ஒண்ணு, போர் ரெண்டு.”

“போருக்கெல்லாம் மூடி போட்டிருக்கீங்களா? கிணத்துக்குச் சுவர் இருக்கா?”

பெண் வீட்டார் யாரும் மாமாவை இதுவரை கேட்காத கேள்வி. ஓடிப்போய்க் காட்டினார். கேட் அடியில் எவ்வளவு சந்து, பகலில் யார் கூட இருப்பார்கள், மாட்டு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று அந்தப் பெண் அடுத்தடுத்துக் கேட்டார். “பகலெல்லாம் நான்தான் கூட இருப்பேன், ஆஸ்பத்திரி பாப்பிரெட்டிப்பட்டியில” என்று மாமா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். சங்கிலியில் கட்டிப் போடுவீர்களா என்று கேட்டபோது, “மருமவளயே எங்களால கட்டிப் போட முடியலம்மா, குட்டியவா கட்டிப் போடப் போறோம்?” என்றார். அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தார். குட்டி எனக்குக் கிடைத்துவிடும் போலிருந்தது.

அந்தச் சிரிப்பில்தான் மாமா நிலை தடுமாறினார். “எம்மவனும் நாயின்னா உசுர உடுவான். சின்னதுலருந்து நாய்ங்க கூடயே பொறண்டு வளந்தவன்.”

“அப்படியா சார்? அப்ப குட்டியை விடறேன், பாருங்க” என்று அவர் கூடையைத் திறந்தார்.

அதை நான் எப்படிச் சொல்ல! படத்தில் பார்த்தது பாதிகூட இல்லை. கூடையின் விளிம்பில் அந்தக் குட்டைக் கால் மாட்டிக்கொண்டு, தலைகீழாகக் கவிழ்ந்து, எழுந்து, உதறி, நின்ற காதும் தொங்கின காதும் ஆட, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா, “அட, அட, அட” என்று மட்டும் சொன்னார். குட்டி எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, வாலும் இடுப்பும் சேர்ந்து ஆட, நேராக என் வீட்டுக்காரரை நோக்கி ஓடியது.

அவர் எப்போது ஏறினார், எதைப் பிடித்து ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். காலைக்கூட மேலே தூக்கி வைத்திருந்தார். குட்டி பெரிய சக்கரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, “வவ்” என்றது. அதுவும் முழுசாக வரவில்லை, விக்கல் மாதிரி வந்தது.

“சார், உங்களுக்கு நாய்னா பயமா?”

“இல்லீங்க. ஆயில் பாக்கறேன்” என்றார் மேலேயிருந்து. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை அந்த நிலைமையிலும் அவர் மீறவில்லை.

அந்தப் பெண் குட்டியை எடுத்துக் கூடையில் வைத்தார். முகத்தில் சிரிப்பில்லை. நான் கேசரித் தட்டை நீட்டினேன். வேண்டாம் என்றார். பஜ்ஜியாவது என்றேன். வேண்டாம் அக்கா என்றார். பையிலிருந்து அவருடைய பாட்டிலை எடுத்து, அவருடைய தண்ணீரையே குடித்தார். “நான் யோசிச்சுச் சொல்றேன்” என்று வண்டியைக் கிளப்பினார்.

மாமா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “போச்சு. கை நனைக்கல. தண்ணிகூட நம்ம தண்ணி இல்ல.”

மூன்று நாளாக ஃபோன் வரவில்லை. நான் இருவரிடமும் பேசவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பாத்திரம் உருளும், அது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த மூன்று நாள் சத்தமே போடவில்லை. அதுதான் அவர்களைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். வெளியே ஏதோ சரசரத்தால் குட்டி வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். அந்தப் படத்தை ஃபோனிலிருந்து அழித்தேன், மகளிடம் கேட்டு மறுபடியும் வாங்கினேன். எந்த வீட்டுக்குப் போகப் போகிறதோ, அந்த வீட்டுக்காரியை இப்போதே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

நான்காம் நாள் விடிந்ததும் மாமா தட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம், ரெண்டு முழம் பூ. ஓரத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

“தட்டிப்போன சம்பந்தத்த நேர்ல போயி மன்னிப்புக் கேட்டு எத்தனையோ ஒட்ட வச்சிருக்கறேன். கெளம்பு.”

“நாய்க்குட்டிக்கு எதுக்கு மாமா வெத்தல பாக்கு?”

“வெறுங்கையோட போறதா? ரெண்டு பேரா போவக் கூடாது. ஒத்தப்படையில போவணும். டேய், நீயும் வா.”

என் வீட்டுக்காரர் கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார். மாமா வழியெல்லாம் தட்டை மடியில் வைத்து, பூ வாடாமல் ஈரத் துணியால் மூடிக்கொண்டு வந்தார். கண்டக்டர், “எந்த ஊர்ல நிச்சயம்?” என்று கேட்டார். “தர்மபுரி” என்று சொல்லிவிட்டு மாமா அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

நாய்கள் இருக்கிற இடம் ஊரைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் இருந்தது. கேட்டைத் தொட்டதும் உள்ளேயிருந்து கிளம்பின குரைப்பில் என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை. நாய்களைக் கூண்டுக்குள் விட்டுவிட்டுத்தான் அந்தப் பெண் எங்களை உள்ளே கூப்பிட்டார். தட்டைப் பார்த்து விழித்தார்.

“ஐயா, இது என்னங்க?”

மாமா நின்றபடியே சொன்னார். “அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டனம்மா. எம்மவனுக்குப் பயம். நாங்க மறச்சதாலதான நீங்க கை நனைக்காம வந்துட்டீங்க.”

“கை நனைக்கறதுன்னா?”

நான் விளக்கினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு பொத்தாமல் சிரித்தார். “ஐயையோ, நான் எந்த வீட்லயும் சாப்பிட மாட்டேங்க. சாப்பிட்டா அப்புறம் குடுக்க முடியாதுன்னு சொல்ல வாய் வராது. நான் வேணாம்னு இன்னும் முடிவே பண்ணல. இந்த சார் நிஜத்தச் சொல்வாரான்னுதான் காத்துட்டிருந்தேன்.”

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் என் முந்தானையை விட்டார். “பயம்தாங்க” என்றார். “ரொம்பப் பயம். ஆனா அந்தக் குட்டி படத்தப் பாத்துட்டு இவ சிரிச்ச மாதிரி எங்கூட சிரிச்சு நான் பாத்ததில்ல. என் ஒருத்தனால இவளுக்கு இல்லன்னு சொல்லிடாதீங்க.”

மூன்று நாளாக இந்த மனிதரிடமா பேசாமல் இருந்தேன் என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அந்தப் பெண் யோசித்தார். யோசித்தபடியே தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்னத் தொடங்கினார். “நனச்சிட்டாங்க, நனச்சிட்டாங்க” என்று மாமா என் காதில் கிசுகிசுத்தார். பழத்தை முடித்துவிட்டு அவர் சொன்னார்: “பதினஞ்சு நாள் வச்சுப் பாருங்க. சார், உங்களால முடியலன்னா நீங்களே எனக்கு ஃபோன் பண்ணணும். வேற யாரும் இல்ல, நீங்க. நான் வந்து கூட்டிட்டு வந்துடறேன், தப்பா நெனைக்க மாட்டேன். உங்க வார்த்தைதான்.”

“கல்யாணத்துக்கு முந்தியே பொண்ண அனுப்பறதா?” என்று மாமா பதறினார். ஆனால் வேகமாகத் தட்டை மாற்றிக்கொண்டார்.

பஸ்ஸில் குட்டி என் மடியில் இருந்தது. என் வீட்டுக்காரர் மூன்று சீட்டு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அது என் விரலைக் கடித்தது, என் தாலிக் கயிற்றை இழுத்தது, ஜன்னல் காற்றில் மூக்கைத் தூக்கித் தும்மியது. ஒவ்வொரு தும்மலுக்கும் நானும் மாமாவும் சிரித்தோம். பின் சீட்டிலிருந்த ஒரு அம்மா தன் குழந்தைக்குக் காட்டினார், குழந்தை கைதட்டியது. எனக்குச் சந்தோஷத்தில் பசியே இல்லை. நடுநடுவே அந்த முதுகு கண்ணில் படும். பதினைந்து நாள்தான் என்று நினைவு வரும்.

பொம்மிடியில் இறங்கினோம். அவர் கடை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. மாமா டீக்கடைக்குத் தகவல் சொல்லப் போய்விட்டார். குட்டி பசியில் முனகியது. பால் வாங்கி வர வேண்டும், ஆனால் அதை எங்கே விடுவது? அந்தப் பெண் கொடுத்தனுப்பிய கூடையில் அதை விட்டு, கடைக்குள் பெஞ்சில் வைத்து மூடினேன். “தொடக்கூட வேணாங்க. சும்மா பாத்துக்கிட்டிருங்க, இதோ வந்துடறேன்” என்றேன். அவர் சுவரோடு ஒட்டி நின்று தலையாட்டினார்.

பாலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது. பொம்மிடியில் நிற்காத வண்டி. தூரத்திலிருந்தே ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. கடைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. கடைக்குள்ளிருந்து குட்டி அலறுவது கேட்டது. நான் ஓடினேன். வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

கூடை திறந்து கிடந்தது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். குட்டி அவர் சட்டைக்குள் பாதி நுழைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் தூக்குகிற அந்த இரண்டு கைகளும் அதன் காதுகளைப் பொத்தியிருந்தன. அவருடைய கண்கள் இறுக மூடியிருந்தன. நெற்றியெல்லாம் வேர்வை.

“ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல. போயிடும். எனக்குந்தான் பயமா இருக்குது. நான் என்ன கத்தறனா?”

ரயில் போனது. கடைசிப் பெட்டியின் சத்தமும் போன பிறகுதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

“அந்தம்மாவுக்கு ஃபோன் போடு” என்றார்.

என் கையிலிருந்த பால் பாக்கெட் கனத்தது. “இப்பவேவா? பதினஞ்சு நாள் இருக்குதுங்களே…”

“பதினஞ்சு நாளெல்லாம் வேணாம்னு சொல்லு. இத்தன பயப்படற புள்ளயத் திருப்பி அனுப்பறதா?”